கடலை என்று எழுதிய கை

பள்ளிக்கூடங்களுக்கு நாங்கள் நடத்திவந்த அலர்ஜி முதலுதவி வகுப்பை இனி வீடியோவாகப் போடப் போகிறார்களாம். பன்னிரண்டு நிமிஷம். பார்த்து முடித்தால் போனுக்கே சான்றிதழ் வந்துவிடுமாம். அதைச் சொல்ல வந்த கம்பெனிப் பயிற்சிப் பிரிவுப் பெண் நிவேதா, "சார், ஆரம்பத்துல இருந்து இதைப் பண்ணது நீங்கதானே. நம்ம கம்பெனி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்றார்.

"நான் எட்டாவதே முடிக்கலம்மா."

"பரவால்ல சார், பிழை இருந்தா திருத்திக்கலாம்."

பிழை என்றதும்தான் உட்கார்ந்து எழுதத் தோன்றியது. நான் எழுதிய பிழை ஒன்று உண்டு. அதைத் திருத்துவதற்குள் ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்துவிட்டது. அதற்கு வருமுன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். மாது பெருமை அடிக்கிறான் என்று தோன்றினால் தோன்றட்டும். என் பெருமையை நான் அடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரா வந்து அடிப்பார்?

மத்தூர் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். ஓசூர் சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து, வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். லேத் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். ஐ.டி.ஐ. முடித்து வந்தவர்கள் இரண்டு தடவை அளந்து கடைவதை நான் ஒரே தடவையில் கடைவேன். இதை மூன்று வரியில் எழுதிவிட்டேன். வாழ்ந்தது பதினான்கு வருஷம்.

எனக்கு இன்னொரு வித்தையும் உண்டு. கையெழுத்து. படிப்பு ஏறாவிட்டாலும் எழுத்து அச்சுப் போட்ட மாதிரி வரும். 'கையுறை அணியவும்', 'இயந்திரம் ஓடும்போது தொடாதே' என்று கம்பெனி முழுக்கத் தொங்கிய பலகைகள் எல்லாம் என் கை. பெங்களூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், "யார் பெயிண்டர்?" என்று விசாரித்தாராம். லேத் ஓட்டும் டர்னர் என்றதும் நம்பவில்லையாம்.

முதலுதவிக்கு நான் வந்தது தேனீயால். கம்ப்ரசர் ஷெட்டுக்கு மேலே மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது. ஒரு நாள் காலை அது கலைந்து, என்னோடு தினமும் டீ குடிக்கும் கோபால் ரெட்டியைக் கொட்டிவிட்டது. அவர் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக எழும்பியது. தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிட்டது. "மாது, ஏமோ அவுதுந்திரா" என்றார். எனக்கு என்னவோ ஆகுதடா என்கிறார். அவர் தோளைப் பிடித்து, கம்பெனி மருத்துவ அறை வரைக்கும் நடத்தியே கூட்டிப் போனேன். வாசலில் சரிந்துவிட்டார்.

உள்ளே டாக்டர் பிலோமினா மேடம். ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. கோபாலைத் தரையிலேயே படுக்க வைத்து, காலை உயர்த்தி, பேன்ட்டோடு தொடையில் ஒரு ஊசி போட்டார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"யார் இவரை நடக்க வச்சது?"

"நான்தான் மேடம். அவசரத்துல..."

"இனிமே நடக்க வைக்காதீங்க. இந்த நிலைமையில எழுந்து நின்னாலே ரத்த அழுத்தம் விழுந்துடும். உயிர் போயிடும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கோபால் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, "டீ ஆறிப்போச்சாடா?" என்று என்னைக் கேட்டார்.

மறுநாளே மேடத்தின் முன்னால் போய் நின்றேன். "அந்த ஊசியில என்ன மேடம் இருந்துச்சு?"

"அட்ரினலின்."

"அதை எல்லாருக்கும் கத்துக்குடுக்கலாமே."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "முதல்ல நீங்க கத்துக்கோங்க."

மேடம் கற்றுக்கொடுக்கும் விதம் தனி. பாடம் நடத்த மாட்டார். ஒரே ஒரு சொல்தான் வைத்திருந்தார்: "அப்புறம்?"

"சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஒருத்தருக்கு உதடு வீங்குது, இருமல், மூச்சு இழுக்குது. என்ன செய்வீங்க?"

"படுக்க வப்பேன் மேடம். கால ஒசத்தி வப்பேன்."

"அப்புறம்?"

"அவருக்குன்னு டாக்டர் எழுதிக்குடுத்த ஊசி இருந்தா ஒடனே போடுவேன். தொடையோட வெளிப்பக்கம், நடுவுல. துணிக்கு மேலயே."

"அப்புறம்?"

"நூத்தியெட்டு. பக்கத்துல ஆள் இருந்தா ஊசி போடும்போதே அவரை அடிக்கச் சொல்லுவேன்."

"அப்புறம்?"

"எந்திரிக்க விடமாட்டேன். மூச்சு ரொம்ப முட்டினா மட்டும் கால நீட்டி சாஞ்சு உக்கார வப்பேன். அஞ்சு நிமிஷத்துல கொறையலன்னா, இன்னொரு ஊசி இருந்தா அதையும் போடுவேன்."

"அப்புறம்?"

"சரியாயிட்டா..."

"சரியாயிட்டா?"

"சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரி மேடம். திரும்பி வரும்."

அப்போது கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். பாஸ் என்று அர்த்தம். நான் நாலாவது தடவையில் பாஸ் ஆனேன். படித்த சூப்பர்வைசர்களுக்கு ஆறு ஏழு தடவை ஆனது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில்தான் வகுப்பை ஆரம்பித்தோம். டீச்சர், ஆயா, வேன் டிரைவர், தங்கள் லீவு நாளில் உதவிக்கு வரும் பெற்றோர் என்று எல்லாரையும் உட்கார வைப்போம். அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும், அட்ரினலின் அடைத்த பேனா ஊசி இருக்கிறதே, அதை வைத்துப் பழக முடியாது. ஒரு தடவைதான் வேலை செய்யும். அதனால் லேத்தில் நானே அலுமினியத்தில் ஒரு பேனா கடைந்தேன். உள்ளே ஸ்பிரிங். தொடையில் அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும், ஊசி கிடையாது. குத்திப் பழக ஒரு காலும் செய்தேன்: பழைய காக்கி பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, உமி திணித்து, ஷூ மாட்டியது. அதற்குத் துரை என்று பேர். வகுப்பில் முதல் சிரிப்பு துரையால்தான் வரும். உடற்பயிற்சி மாஸ்டர் ஒருவர், "சார், துரைக்கு இன்னொரு கால் எங்க?" என்றார். "உங்கள மாதிரி ஆளு நடக்க வச்சதுல போயிடுச்சு" என்றேன்.

பள்ளிச் சுவரில் ஒட்ட அட்டையும் எழுதினேன். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பதைச் சிவப்பு மையில், மூன்று மொழியில். கன்னடத்துக்கு ஸ்டோர்ஸ் பசவராஜையும் தெலுங்குக்குக் கோபாலையும் எழுதித் தரச் சொல்லி, அதைப் பார்த்து நான் வரைந்தேன்.

மேடம் அட்டையைப் பார்த்துவிட்டு, "படம் வைக்கலாமே" என்றார்.

"படம் எதுக்கு மேடம்? இவ்ளோ பெருசா எழுதியிருக்கேன். மூணு பாஷையும் இருக்கு."

மேடம் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

சிப்காட்டை ஒட்டிய பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்பில் ஹர்ஷிதா என்று ஒரு குழந்தை இருந்தாள். தளிப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். அப்பா ரோஜாப் பண்ணையில் வேலை. நிலக்கடலை ஒரு பருப்பு வாயில் பட்டால் போதும், அவளுக்கு மூச்சு அடைத்துவிடும். பெங்களூர் டாக்டர் எழுதிக்கொடுத்த பேனா ஊசிகள் இரண்டும் கடிதமும் பள்ளியில் இருந்தன. பீரோவில் பூட்டக் கூடாது என்று நான் சொல்லி, டீச்சர் மேஜைக்கு மேலே ஒரு பையில் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்த வகுப்பின் ஆயா செல்வியம்மா. விழுப்புரம் பக்கத்திலிருந்து, லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் கணவரோடு வந்தவர். பத்தாவது படித்தவர், என்னைவிட இரண்டு வகுப்புக்கு மேலேயே அதிகம். துரையின் காலில் அவர் குத்திய மாதிரி யாரும் குத்தியதில்லை. என் வகுப்பில் முதல் மாணவி.

ஒரு தடவை நான் பள்ளிக்குப் போனபோது பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கும் நாள். செல்வியம்மா ஹர்ஷிதாவின் தட்டில் இருந்து கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, தேங்காயையும் மாங்காயையும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுகூட வுட மாட்டேன் சார்" என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கொஞ்சம் அதிகப்படியான எச்சரிக்கை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டு, "பாத்துக்கோங்க, கவனம்னா இது" என்று அவரைக் கைதட்டவும் வைத்தேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் என் காது கூசுகிறது.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

"சார், ஹர்ஷிதாவுக்கு உதடெல்லாம் வீங்கிடுச்சு. இருமிக்கிட்டே இருக்கா. குரலே வரல."

"படுக்க வச்சீங்களா?"

"வச்சிட்டோம் சார். ஹெச்.எம். நூத்தியெட்டுக்குப் பேசிட்டிருக்காங்க. ஊசி... சார், நாங்க போடலாமா? டாக்டர் வந்துடட்டுமே?"

"டாக்டர் கடிதம் பைலயே இருக்கு. போடுங்க."

"எனக்குக் கை ஆடுது சார்."

அப்போது பின்னால் செல்வியம்மாவின் குரல் கேட்டது. "இங்க குடு டீச்சர்." 'டக்'. என் லேத்தில் நான் வைத்த அதே மாதிரிச் சத்தம். பத்து எண்ணும் வரை பேனாவை எடுக்கக் கூடாது என்பது வகுப்புப் பாடம்; செல்வியம்மா சத்தமாக எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு, ரெண்டு..." மூன்றிலிருந்து வகுப்பு முழுக்கச் சேர்ந்துகொண்டது. பாடம் நடக்கிறது என்று நினைத்துவிட்டன பிள்ளைகள். நாற்பது குழந்தைகள் ராகம் போட்டுப் பத்து வரைக்கும் எண்ணுவதைக் காதில் வைத்துக்கொண்டே கம்பெனி வாசலுக்கு ஓடினேன். பத்துக்கு அப்புறமும் பதினொன்று, பன்னிரண்டு என்று அவர்கள் நிறுத்தவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பாயில் கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது; ஆனால் மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. இருமல் அடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். செல்வியம்மா தோளைப் பிடித்து அழுத்தி, "படு கண்ணு, துரைகூட எந்திரிக்க மாட்டான்ல" என்றார்.

"சரியாயிட்ட மாதிரி இருக்கே சார். அவங்கப்பா வந்ததும் வீட்டுக்கு அனுப்பிடலாமா?" என்றார் டீச்சர்.

"சரியாயிட்டாலும் ஆஸ்பத்திரி" என்றேன். மேடத்துக்குச் சொன்ன பதில் தானாக வந்தது. ஆம்புலன்ஸில் நானும் செல்வியம்மாவும் கூடப் போனோம். சாயந்திரம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே மறுபடி தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்தன. அங்கே டாக்டர்கள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தளி பஸ்ஸில் பாதி வழியில் வந்திருக்கும்.

ஆனால் அதற்கு முன்பே, குழந்தையைச் சேர்த்த கையோடு, அங்கிருந்த டாக்டர் கேட்டார்: "என்ன சாப்பிட்டா?"

செல்வியம்மா தெளிவாகச் சொன்னார். "டிபன் பாக்ஸைக் கீழ போட்டுட்டா சார், அழுதா. என் இட்லி ரெண்டு குட்த்தேன். மல்லாட்டைச் சட்னி வச்சி."

"கடலைச் சட்னியாம்மா குடுத்தீங்க?"

"அய்யோ, இல்ல சார். கடலையே இல்ல அதுல. டீச்சர் தேங்காச் சட்னி குடுக்கறேன்னாங்க, அதுல பொட்டுக்கடலை போட்டிருப்பாங்கன்னு நான்தான் வேணாம்னுட்டேன். இது வெறும் மல்லாட்டை, மொளகா, உப்பு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் செல்வியம்மாவைப் பார்த்தேன்.

"மல்லாட்டைன்னா நெலக்கடலைம்மா."

"அது மல்லாட்டை சார். கடலைன்னா சுண்டல் கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு. எங்க ஊர்ல இதுங்கதான் சார் கடலை." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "நீங்க கடலைன்னு போட்டது மல்லாட்டையவா?"

நான் தலையாட்டினேன்.

"கல்லக்கான்னு எழுதியிருந்தாகூடத் தெரிஞ்சிருக்குமே சார். இங்க தெருத்தெருவா அப்டித்தானே கூவி விக்கிறாங்க."

அந்த ஒரு பேச்சு போதும் எனக்கு. மத்தூரில் என் வீட்டில் அதற்குக் கல்லக்கா என்றுதான் பேர். வாழ்நாளில் நான் அதை வேறு மாதிரி சொன்னதில்லை. எழுத உட்காரும்போது மட்டும், கல்லக்கா என்று எழுதினால் எட்டாவது தாண்டாதவன் என்று டீச்சர்கள் சிரிப்பார்களே என்று கூசி, கடலை என்று எழுதினேன். கன்னடத்தில் சரியாக இருந்தது. தெலுங்கில் சரியாக இருந்தது. தமிழ் தெரிந்த நான், தமிழ் தெரிந்த செல்வியம்மாவுக்கு, தமிழில் எழுதியதில்தான் குழந்தை விழுந்தாள்.

மறுநாள் காலை மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். போன் வந்தது, படுக்க வைத்தது, ஊசி, எண்ணிக்கை, ஆம்புலன்ஸ் என்று வரிசையாக. கொஞ்சம் நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

"அப்புறம்?"

"சாயந்திரம் திரும்ப வந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்ததால தப்பிச்சா."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம்."

மேடம் கண்ணாடியைத் தொடவில்லை. அது மூக்கிலேயே இருந்தால் நமக்குப் பேச்சு வந்துவிடும்.

"அட்டையில நான் கடலைன்னு எழுதியிருந்தேன் மேடம். அந்தம்மாவுக்கு அது வேற பொருள்."

"ஸ்கூல்ல இதைச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க?"

போனேன். நல்ல வேளை போனேன். தாளாளர் அறையில் ஹர்ஷிதாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். செல்வியம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அன்றோடு அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதாக முடிவாகியிருந்தது. "இவ்ளோ ட்ரெயினிங் குடுத்தும் கடலைச் சட்னியக் குடுத்திருக்காங்களே மாது சார், நீங்களே சொல்லுங்க" என்றார் தாளாளர்.

சுவரில் இருந்த அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன்.

"இது என் எழுத்துங்க. இதை அந்தம்மா ஒரு எழுத்து விடாம படிச்சு, படிச்ச மாதிரியே நடந்திருக்காங்க. சுண்டல்ல கடலை பொறுக்கினப்ப நான் கேட்டிருக்கணும். கைதட்டிட்டுப் போயிட்டேன். அனுப்பணும்னா என் வகுப்பை நிறுத்துங்க."

தாளாளர் ஹர்ஷிதாவின் அப்பாவைப் பார்த்தார். அவர் எழுந்து, கன்னட வாடையோடு, "எல்லாரும் நின்னு பார்த்தாங்களாமே சார். ஆயம்மா ஒருத்தர்தானே கை நீட்டினது. அவங்க இருக்கலி பிடுங்க" என்றார். இருக்கட்டும், விடுங்கள் என்பது அது. செல்வியம்மா அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகு என் அட்டைகளில் பேர் எழுதுவதில்லை. பொருளையே ஒட்டுவேன். முழுக் கல்லக்கா ஒன்று, உடைத்த பருப்பு ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் இறுக மூடி. அதைத் தொடக்கூட ஆகாத பிள்ளை இருந்தால் போட்டோ. வகுப்பில் முதல் கேள்வியும் மாறிவிட்டது. சட்டைப் பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் காட்டி, "இதுக்கு உங்க வீட்ல என்ன பேரு?" என்பேன். ஒருவர் வேர்க்கடலை என்பார், பின்னாலிருந்து ஒரு டிரைவர் "பல்லீலு" என்பார், ஒரு டீச்சர் "சார், அது டைம்பாஸ்" என்பார். துரையைவிட இதற்குத்தான் இப்போது சிரிப்பு அதிகம்.

மேடம் ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் கூப்பிட்டால் போகிறேன். என்னோடு செல்வியம்மாவும் வருகிறார். ஊசி குத்திக் காட்டுவது அவர்தான். சென்ற மாதம் ஒரு பள்ளிக்குப் போனோம். வீடியோவுக்காக நிவேதாவும் கேமராவோடு வந்திருந்தார். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. பட்டியல், பை, பூட்டாத அலமாரி. யு.கே.ஜி. டீச்சர் பட்டியலைப் படித்துக் காட்டினார்.

"ஒரே ஒரு பையன்தான் சார். ஒடிசாக்காரங்க. பாதாம் ஒத்துக்காதுன்னு அவங்கம்மா சொன்னாங்க. பாதாம் நாங்க இங்க உள்ளயே விடறதில்ல."

நிவேதா, "சூப்பர் மேடம்" என்று படம் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும் சுண்டல் தட்டு ஞாபகம் வந்தது. பையனைக் கூட்டிப் போக அந்த அம்மா வாசலில்தான் நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து கல்லக்கா உறையை எடுத்து நீட்டினேன். அவர் சட்டென்று பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சினா பாதாம்" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சினா பாதாம்." அவர்கள் ஊர்ப் பாதாம் நம் கல்லக்காதான்.

டீச்சரின் மேஜையில், பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்கும் கடலை மிட்டாய் ஒரு பாட்டில் நிறைய இருந்தது. எல்லாரும் அதைத்தான் பார்த்தோம். நிவேதா கேமராவை இறக்கிவிட்டார்.

டீச்சர் வேகமாக அட்டைப் பக்கம் திரும்பிப் பேனாவைத் திறந்தார். "எங்க காதுல பாதாம்னுதான் சார் விழுந்துச்சு. இதோ, பாதாமை அடிச்சிட்டு, கடலைன்னு எழுதிடறேன்."

"அப்புறம்?" என்றேன்.

டீச்சர் பேனாவை மூடினார். செல்வியம்மா என் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டு, பசை எங்கே இருக்கிறது என்று தேடப் போனார்.